நெய்யூர் ஆஸ்பத்திரியும் சோமர்வெல்லும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் வளர்ந்தவர்களுக்கு நெய்யூர் என்றதும் ஆஸ்பத்திரிதான் முதலில் நினைவுக்கு வரும், ஊர் அதற்குப் பிறகுதான். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாரையாவது பற்றி "நெய்யூருக்குக் கொண்டு போயிருக்காங்க" என்று சொன்னால், நோய் முற்றிவிட்டது என்பதும், அதைக் கவனிக்கத் தெரிந்தவர்கள் கைக்கு ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்பதும் சேர்ந்தே விளங்கிவிடும். அந்தப் பேச்சுகளில் அடிக்கடி வந்த ஒரு பெயர் சாமர்வெல். சின்ன வயதில் அதை ஏதோ மருந்தின் பெயர் என்றே நினைத்திருந்தேன். பிறகுதான் தியோடர் ஹோவர்ட் சோமர்வெல் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவரைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

அவரைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி எவரெஸ்டைப் பற்றியது. 1922, 1924 ஆகிய இரண்டு பயணங்களிலும் அவர் இருந்தார் என்பதால் அது இயல்புதான். ஆனால் இரண்டு பயணங்களையும் கூட்டினாலும் அவர் வாழ்நாளில் அவை பிடித்த காலம் ஓர் ஆண்டு கூட இராது. நெய்யூரில் அவர் இருந்ததோ ஏறத்தாழ கால் நூற்றாண்டு. மலையேறிகளின் நூல்களில் அந்தக் காலம், "பின்னர் தென்னிந்தியாவில் மருத்துவ ஊழியம் செய்தார்" என்ற ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வரியைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கவே இதை எழுதுகிறேன். அதற்கு மலையிலிருந்தும் தொடங்க முடியாது, நெய்யூரிலிருந்தும் தொடங்க முடியாது. பிரான்சு நாட்டின் ஒரு வயல்வெளியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சோமர்வெல் 1890ஆம் ஆண்டு ஏப்ரல் 16 அன்று வட இங்கிலாந்தின் கெண்டல் என்ற ஊரில் பிறந்தார். குடும்பம் காலணித் தொழிலில் செழித்தது. அவர்களுடைய "கே ஷூஸ்" இங்கிலாந்து முழுவதும் பெயர் பெற்ற காலணி. ரக்பி பள்ளியிலும் பிறகு கேம்பிரிட்ஜிலும் படித்து, இயற்கை அறிவியலில் முதல் வகுப்புகளைப் பெற்று, லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆஸ்பத்திரியில் மருத்துவம் பயின்றார். படிப்பு முடிந்த கையோடு, முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915இல் ராணுவ மருத்துவப் படையில் சேர்ந்தார். பிரான்சுக்கு அனுப்பப்பட்ட அவருக்கு, போர்முனைக்குச் சற்றுப் பின்னால், காயம்பட்டவர்கள் முதன்முதலாக ஒழுங்கான அறுவை சிகிச்சையைப் பெறும் கூடார மருத்துவமனை ஒன்றில் வேலை. அது அமியான் நகருக்கும் அல்பேர் நகருக்கும் இடைப்பட்ட பகுதியில் இருந்தது.

1916ஆம் ஆண்டு ஜூலை 1, சோம் போரின் முதல் நாள். அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் படையில் கொல்லப்பட்டவர்கள் 19,240 பேர். காயமடைந்தவர்களையும் காணாமற்போனவர்களையும் சேர்த்தால் 57,470 பேர். ஓர் ஆயிரம் பேரை எதிர்பார்த்து ஆயத்தமாயிருந்த அந்தக் கூடாரங்களுக்கு அதைப்போல் பல மடங்கு பேர் வந்து சேர்ந்தார்கள். இறக்கி வைக்க ஆளில்லாமல் ஆம்புலன்ஸ் வண்டிகள் சாலையில் நீண்ட வரிசையில் நின்றன. ஐந்தாறு ஏக்கர் வயல் முழுவதும் ஸ்ட்ரெச்சர்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்தன. உள்ளே அறுவை செய்யத் தெரிந்தவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள். மேசைகளை விட்டு நகராமல் அறுத்துக்கொண்டேயிருந்த அந்த மருத்துவர்கள், கிடைத்த சில நிமிட இடைவெளியில் வெளியே வந்து செய்த வேலை, அடுத்து யாரை உள்ளே எடுப்பது என்று பொறுக்குவது. பிழைக்கக்கூடியவனாகவும் இருக்க வேண்டும், அவனுக்குச் செலவிடும் நேரத்தில் இன்னும் இருவர் செத்துவிடவும் கூடாது. வயிற்றில் குண்டு பாய்ந்தவனுக்கு இரண்டு மணி நேரம் செலவிடுவதா, அதே நேரத்தில் நான்கு பேருடைய கால்களை எடுத்து அவர்கள் உயிரைக் காப்பாற்றுவதா என்பது அன்று அவர்களுக்கு ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை.

அந்த வயலில் நடந்ததைப் பற்றி சோமர்வெல் பிற்காலத்தில் எழுதியபோது முதன்மையாகச் சொன்னது, இன்றும் என்னைத் திடுக்கிட வைக்கும் ஒரு செய்தி. கிடந்தவர்களுக்கு நடுவே அவர் நடந்து போனபோது, தன்னை முதலில் எடுத்துக்கொள்ளும்படி ஒருவன் கூடக் கேட்கவில்லை. தங்களில் பலருக்கு முறை வரவே வராது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் வாய் திறக்கவில்லை. போரை எதிர்க்கும் மனிதராக அவர் மாறியது அங்கேதான். வாழ்நாள் முழுவதும் அந்த நிலையிலிருந்து அவர் விலகவில்லை. போரில் ஆற்றிய பணிக்காக ராணுவம் தன் அறிக்கையில் அவரைக் குறிப்பிட்டுப் பாராட்டியது. அந்தப் பாராட்டை அவர் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்பதை ஊகிக்க நமக்கு அதிகம் கஷ்டப்பட வேண்டியதில்லை.

போர் முடிந்ததும் லண்டனில் அறுவை மருத்துவராகத் தேர்ந்தார். விடுமுறைகளில் ஆல்ப்ஸ் மலைகளில் ஏறினார். அதன் பலனாக 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணக் குழுவில் இடம் கிடைத்தது. ஜார்ஜ் மலோரியும் அவரும் கூடாரத்துக்குள் ஒருவருக்கொருவர் ஷேக்ஸ்பியரை வாசித்துக் காட்டும் அளவுக்கு நெருங்கிய நண்பர்களானார்கள். மலோரி, நார்டன், சோமர்வெல் ஆகிய மூவரும் ஆக்ஸிஜன் இல்லாமல் 8,200 மீட்டர் உயரம் வரை போனார்கள். அதுவரை மனிதக் கால் அவ்வளவு உயரத்தில் பட்டதில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். மீண்டும் ஒருமுறை முயன்றபோது, ஜூன் 7 அன்று பனிச்சரிவில் சிக்கி சுமை தூக்கிய தொழிலாளர்கள் ஏழு பேர் இறந்தார்கள். ஏறிய வெள்ளைக்காரர்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தங்களில் ஒருவராவது அவர்களோடு செத்திருக்கக் கூடாதா, அப்படிச் செத்திருந்தால் இழப்பிலும் தாங்கள் பங்காளிகளே என்று மீதமிருந்த தொழிலாளர்களுக்குப் புரிந்திருக்குமே என்று சோமர்வெல் மனம் புழுங்கி எழுதினார். அந்தக் காலத்து ஆங்கிலேயர் ஒருவரிடமிருந்து இப்படிப்பட்ட வாக்கியத்தை எதிர்பார்க்க முடியாது என்று நாம் நினைக்கலாம். சோம் வயலைப் பார்த்துவிட்டு வந்தவரிடமிருந்து அது வந்ததில் வியப்பில்லை.

மலையிலிருந்து இறங்கியதும் மற்றவர்களோடு கப்பல் ஏறாமல், இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார். வடக்கிலிருந்து தெற்கே கன்னியாகுமரி வரை நீண்ட அந்தச் சுற்றுப்பயணத்தின் கடைசியில்தான் நெய்யூர் வந்தது. லண்டன் மிஷனைச் சேர்ந்த அந்த ஆஸ்பத்திரியில் அப்போது டாக்டர் பியூ என்பவர் ஏறக்குறைய தனியாளாக அறுவை சிகிச்சை முழுவதையும் சுமந்துகொண்டிருந்தார். விடிவதற்கு முன்பே வாசலில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். சில நாள் உடன் நின்று உதவலாம் என்று கத்தியைக் கையில் எடுத்தவர், அந்தச் சில நாளுக்குள் தன் எஞ்சிய வாழ்க்கையைத் தீர்மானித்துவிட்டார். லண்டனில் அவர் படித்த மருத்துவமனையே அவருக்கு ஒரு பதவியை வைத்துக் காத்திருந்தது. எந்த இளம் அறுவை மருத்துவரும் கைவிடத் தயங்கும் பதவி அது. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, 1923இல் லண்டன் மிஷனரி சங்கத்தின் மருத்துவராக நெய்யூருக்குத் திரும்பி வந்தார்.

இந்த முடிவை மதப்பற்று என்ற ஒரே காரணத்தில் அடக்கிவிடுபவர்கள் உண்டு. அவர் பற்றுமிக்க கிறித்தவர் என்பதில் ஐயமில்லை. மிஷன் ஆஸ்பத்திரிகளில் காத்திருக்கும் நோயாளிகளுக்குப் பிரசங்கம் நடந்ததும் உண்மை. அதை மறைத்து அவரை வெறும் மனிதநேயராகக் காட்டுவது நேர்மையாகாது. இருந்தாலும் எனக்குத் தோன்றும் இன்னொரு காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நெய்யூர் வாசலில் அவர் கண்டது, ஆறு ஆண்டுகளுக்கு முன்பு பிரான்சில் கண்ட அதே காட்சி: காத்துக் கிடக்கும் கூட்டம், உள்ளே ஒன்றிரண்டு கைகள், கேட்கத் தெரியாத பொறுமை. வேறுபாடு ஒன்றே ஒன்றுதான். பிரான்சில் அவரிடம் நேரம் இல்லை. இங்கே தன் ஆயுளைக் கொடுத்தால் நேரம் கிடைக்கும்.

நெய்யூர் ஆஸ்பத்திரி அவர் வருவதற்கு முன்பே நல்ல வயதானது. இரணியலுக்கும் குளச்சலுக்கும் பக்கத்தில், தென்னையும் பனையும் குளங்களும் நிறைந்த இந்த ஊரில் சார்லஸ் மீட் 1828 வாக்கில் மிஷன் நிலையத்தை அமைத்தார். 1838இல் ஆர்ச்சிபால்டு ராம்சே என்ற மருத்துவர் வந்து சேர்ந்ததிலிருந்து மருத்துவப் பணி தொடங்குகிறது. அவருக்குப் பின் வந்த லீச், முட்டம் கடலில் குளிக்கப் போய் 1854இல் மூழ்கி இறந்தார். முட்டம் கடலைப் பார்த்தவர்களுக்கு அது எப்படி நடந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. 1860களில் வந்த ஜான் லோ செய்த ஒரு காரியம்தான் நெய்யூரை மற்ற மிஷன் ஆஸ்பத்திரிகளிலிருந்து வேறுபடுத்தியது. உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து ஒரு மருத்துவ வகுப்பை நடத்தி, அவர்களைக் கிளை மருந்தகங்களுக்கு அனுப்பி வைத்தார். இப்படி விரிந்து விரிந்து, சோமர்வெல் காலத்தில் குண்டறை வரை கிளை ஆஸ்பத்திரிகள் இருந்தன. உலகிலேயே பெரிய மருத்துவ மிஷன் என்று அதைப் பெருமையாகச் சொல்வார்கள். தெற்கே தமிழ், வடக்கே மலையாளம் என்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் நீளத்துக்கும் பரவிய அந்த அமைப்பை அன்றாடம் நடத்தியவர்கள் பெரும்பாலும் உள்ளூர் மருத்துவர்களும் கம்பவுண்டர்களும் நர்சுகளும்தான். அவர்களுடைய பெயர்கள் எவரெஸ்ட் நூல்களில் இடம்பெறுவதில்லை என்பது எனக்கு எப்போதும் உள்ள வருத்தம்.

1924இல் மீண்டும் எவரெஸ்டுக்கு அழைப்பு வந்தபோது அவர் நெய்யூரிலிருந்துதான் போனார். அந்தப் பயணத்தில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை மட்டும் சொல்கிறேன். ஒன்று, வடக்குக் கணவாயில் நான்கு தொழிலாளர்கள் பனியில் மாட்டிக்கொண்ட நிகழ்ச்சி. நார்டனும் மலோரியும் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, சோமர்வெல் செங்குத்தான பனிச்சரிவின் குறுக்கே நடந்து போனார். கயிற்றின் நீளம் சில அடிகள் போதவில்லை. இரண்டு பேர் எப்படியோ தட்டுத்தடுமாறி அவரிடம் வந்து சேர்ந்துவிட, மற்ற இருவரும் அவசரப்பட்டு ஒன்றாகக் கிளம்பிச் சறுக்கத் தொடங்கினார்கள். சறுக்கியவர்கள் பாதாளத்தின் விளிம்புக்கு மேலே எப்படியோ நின்றுவிட்டார்கள். சோமர்வெல் தன் பனிக்கோடரியைப் பனிக்குள் ஆழமாகக் குத்தி, இடுப்புக் கயிற்றை அவிழ்த்து அதில் சுற்றி, கயிற்று நுனியை ஒரு கையால் பற்றிக்கொண்டு, மறு கையை எட்டிய மட்டும் நீட்டி, ஒவ்வொருவராகப் பிடரியில் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தார். ஏழு பேர் இறந்த அந்த இடத்துக்குப் பக்கத்தில், இரண்டு ஆண்டுகள் கழித்து, நான்கு பேர் பிழைத்தார்கள்.

இரண்டாவது நிகழ்ச்சி ஜூன் 4 அன்று நடந்தது. நார்டனும் அவரும் ஆக்ஸிஜன் இல்லாமல் உச்சியை நோக்கி ஏறினார்கள். 8,500 மீட்டர் அளவில் தொண்டை அடைத்துக்கொள்ள, சோமர்வெல் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டு நார்டனைத் தனியே போகச் சொன்னார். நார்டன் 8,573 மீட்டர் வரை போய்த் திரும்பினார். ஆக்ஸிஜன் இல்லாமல் அந்த உயரத்தைத் தாண்ட 1978 வரை யாராலும் முடியவில்லை. இறங்கும் வழியில் சோமர்வெல்லுக்கு மூச்சு முற்றிலும் நின்றுவிட்டது. குரல் எழவில்லை, முன்னால் போய்க்கொண்டிருந்த நார்டனைக் கூப்பிட வழியில்லை. இனி முடிந்தது என்று பனியில் உட்கார்ந்தவர், கடைசியாக ஒருமுறை இரண்டு கைகளாலும் தன் நெஞ்சை ஓங்கி அழுத்தினார். தொண்டையை அடைத்திருந்த பொருள் வாய்க்கு வந்து விழுந்தது. குளிரில் உறைந்து செத்துப்போன குரல்வளையின் உள்தோல் அது. கொஞ்சம் ரத்தத்தைத் துப்பிவிட்டு, பல நாட்களில் முதன்முறையாகத் தாராளமாக மூச்சு விட்டார் என்று அவரே எழுதியிருக்கிறார். எழுந்து நார்டனின் பின்னால் நடந்தார். நாலு நாள் கழித்து மலோரியும் குழுவிலிருந்த இர்வின் என்பவரும் உச்சியை நோக்கிப் போய்த் திரும்பவே இல்லை. மலோரி கொண்டு போனது சோமர்வெல் கொடுத்த சின்னக் கோடாக் கேமரா. 1999இல் மலோரியின் உடல் கிடைத்தது. கேமரா இன்றுவரை கிடைக்கவில்லை.

நண்பனை மலையில் விட்டுவிட்டு, புண்பட்ட தொண்டையோடு அவர் திரும்பி வந்தது நெய்யூருக்குத்தான். அங்கே அவருக்காகக் காத்திருந்தது வயிற்றுவலி.

இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. தென் திருவிதாங்கூரின் பெரிய நோய் அன்று வயிற்றுப்புண். சித்த வைத்தியர்கள் குன்மம் என்பார்கள். இன்று எல்லோரும் அல்சர் என்கிறோம். இரைப்பையைக் கடந்ததும் வரும் முன்சிறுகுடலில் புண் விழும். வயிறு காலியாகும்போதெல்லாம் வலிக்கும், எதையாவது தின்றால் சற்று அடங்கும், நள்ளிரவில் ஆளை எழுப்பி உட்கார வைக்கும். ஆண்டுக்கணக்கில் புண் ஆறுவதும் திறப்பதுமாக இருந்து, தழும்பு இறுகி, கடைசியில் இரைப்பையின் வாசலே அடைபட்டுவிடும். அதன் பிறகு உண்டது கீழே இறங்காது. இரைப்பை பானை போல் வீங்கித் தொங்கும்; முந்தின நாள் சாப்பிட்டது மறுநாள் மாலையில் வாந்தியாக வரும். எலும்பும் தோலுமாகி, கட்டிலோடு தூக்கிக்கொண்டு வரப்பட்ட ஆட்களே நெய்யூர் வாசலில் அதிகம். பெரும்பாலும் உழைக்கும் வயதிலிருந்த ஆண்கள். வயல் வேலைக்காரன், பனையேறி, சுமைகாரன் என்று குடும்பத்துக்குச் சோறு கொண்டுவரும் ஆள் படுத்துவிட்டால் அந்தக் குடும்பமே படுத்துவிடும்.

இந்த நோய்க்கு அன்று அறுவை சிகிச்சைதான் தீர்வு. அடைபட்ட வாசலை அப்படியே விட்டுவிட்டு, இரைப்பைக்கும் அதற்குக் கீழே உள்ள குடலுக்கும் நேரடியாக ஒரு புதிய வழியைத் திறந்து தைத்துவிடுவது முதல் முறை. நோயாளி இரண்டு வாரத்தில் கஞ்சி குடிப்பார், மூன்று மாதத்தில் மண்வெட்டியைப் பிடிப்பார். ஆனால் சிலருக்குச் சில ஆண்டுகள் கழித்து அந்தப் புதிய தையலருகிலேயே மறுபடி புண் விழுந்தது. அமிலம் சுரக்கும் இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தால்தான் அது நிற்கும் என்றால், எவ்வளவு வெட்டுவது, உடல் நலிந்தவன் அதைத் தாங்குவானா என்ற கேள்விகள் எழுந்தன. சோமர்வெல் ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் இந்தக் கேள்விகளுக்கு விடை தேடினார். தம்மோடு பணியாற்றிய டாக்டர் ஆர் (Orr) என்பவருடன் சேர்ந்து 1936இல் பிரிட்டனின் அறுவை மருத்துவ இதழில் அவர் எழுதிய நீண்ட கட்டுரை, இந்தத் துறையில் உலகெங்கும் படிக்கப்பட்டது. லண்டனின் பெரிய மருத்துவர் ஒருவர் தம் வாழ்நாள் முழுவதும் பார்த்திருக்க முடியாத எண்ணிக்கையில் இந்த நோயை நெய்யூர்க்காரர் பார்த்திருந்தார் என்பதே அதற்குக் காரணம். பதவியை உதறிவிட்டுக் காட்டுக்குப் போனவர் என்று லண்டனில் அவரைப் பற்றிப் பேசியவர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்களோ!

நோய்க்குக் காரணம் என்ன என்பதில் அவர் பார்வை சாப்பாட்டுத் தட்டின் மேல் விழுந்தது. எங்கள் பக்கத்து ஏழைகளின் உணவு அப்போது மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு. விசாகம் திருநாள் மகாராஜா 1880களில் முனைந்து பரப்பிய அந்தக் கிழங்கு, மேட்டு நிலத்தில் தண்ணீர் அதிகமில்லாமல் விளையும், வயிற்றை நிரப்பும், புரதம் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. அவித்த மரச்சீனியும், காந்தாரி மிளகாய் அரைத்த துவையலும், கிடைத்த நாளில் துண்டு மீனும். காலையில் பழங்கஞ்சி, இரவில் மறுபடியும் மரச்சீனி. எனக்கு அந்தத் துவையல் இன்றும் உயிர் என்பதை ஒப்புக்கொண்டே இதை எழுதுகிறேன். குன்னூரில் உணவு ஆராய்ச்சி செய்துவந்த ராபர்ட் மக்காரிசன் இதே கேள்வியை எலிகளிடம் கேட்டார். திருவிதாங்கூர் ஏழைகளின் உணவைத் தின்ற எலிகளில் கால்வாசிக்கு மேற்பட்டவற்றுக்கு வயிற்றுப்புண் வந்தது. கோதுமை ரொட்டி, பால், காய்கறி என்று சீக்கியர்களின் உணவைத் தின்ற எலிகள் நலமாக இருந்தன. கத்தியைத் தீட்டுவதை விடச் சட்டியில் இருப்பதை மாற்றுவது முக்கியம் என்பது அறுவை மருத்துவருக்குத் தெரிந்தாலும், அது அவர் கையில் இல்லை. 1942இல் பர்மா அரிசி வருவது நின்றபோது, திருவிதாங்கூர் இன்னும் அதிகமாக மரச்சீனியை நம்ப வேண்டியதாயிற்று.

வயிற்றுக்கு அடுத்தபடி வாய். வெற்றிலையோடு புகையிலையையும் சேர்த்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் வழக்கம் ஆண், பெண் இருபாலாருக்கும் இருந்ததால், கன்னத்தின் உட்புறத்தில் தொடங்கும் புற்றுநோய் நெய்யூரில் அன்றாடக் காட்சி. அதற்கு அறுவையோடு ரேடியம் சிகிச்சையையும் கொண்டுவந்ததில் அந்த ஆஸ்பத்திரிக்குப் பெரும் பங்கு உண்டு. பிறகு தொழுநோய், பிறகு பனையிலிருந்து விழுந்தவர்கள். அக்கானி (பதநீர்) இறக்கும் காலத்தில் ஒரு பனையேறி நாளுக்கு இரண்டு வேளை பல பனைகளில் ஏறி இறங்குவார். மழை பெய்து வழுக்கும் நாளில் ஒரு கால் தவறினால் முதுகெலும்பு. கிளை ஆஸ்பத்திரிகளுக்கும் அவ்வப்போது போய், அங்கு தனக்காகச் சேர்த்து வைக்கப்பட்டிருக்கும் அறுவைகளைச் செய்துவிட்டுத் திரும்ப வேண்டும். நாட்டுப்புற மருத்துவர் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான வாழ்க்கை எனக்குத் தெரியவில்லை. மகப்பேறு முதல் மண்டை உடைப்பு வரை வந்ததை எல்லாம் பார்த்தாக வேண்டும். நிபுணரிடம் அனுப்புகிறேன் என்று சொல்ல அக்கம்பக்கத்தில் நிபுணர் கிடையாது.

1925இல் மார்கரெட் ஹோப் சிம்ப்சனை மணந்து, மூன்று மகன்களுக்குத் தந்தையானார். இசையிலும் ஓவியத்திலும் தீராத ஈடுபாடு. திபெத்தில் கேட்ட நாட்டுப்புறப் பாடல்களுக்கு இசைக்குறிப்பு எழுதி வைத்திருந்தார். இமயத்தை நூற்றுக்கணக்கான நீர்வண்ண ஓவியங்களாகத் தீட்டினார், பலவற்றைப் பழுப்புத் தாளிலேயே. 1924இல் பிரான்சின் ஷமோனி நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் குழுவினருக்குப் பதக்கம் வழங்கப்பட்டதால், நெய்யூர் ஆஸ்பத்திரியில் ஓர் ஒலிம்பிக் பதக்கக்காரர் கால் நூற்றாண்டு காலம் வயிற்றைத் தைத்துக்கொண்டிருந்தார் என்று நாங்கள் பெருமை பேசலாம். கைசர்-இ-ஹிந்த் பதக்கமும் பின்னாளில் கிடைத்தது.

அவர் அறுவை மருத்துவராக எப்படி இருந்தார் என்பதை விட, காத்திருப்பவர்களிடம் எப்படி இருந்தார் என்பதையே எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒருவரையும் பார்க்காமல் அனுப்பமாட்டார் என்பார்கள். இது கொஞ்சம் மிகையாகவும் இருக்கலாம். இறந்த மருத்துவர்களைப் பற்றி ஊர் நல்லதையே சொல்லும். ஆனால் சோம் வயலில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு நடுவே சிலரை மட்டும் பொறுக்கி எடுக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்ட ஒருவர், வாய்ப்பு கிடைத்த இடத்தில் அந்தப் பொறுக்குதலை முடிந்தவரை தவிர்த்திருப்பார் என்று நம்புவதில் எனக்குத் தடையில்லை.

1949இல் நெய்யூரை விட்டு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு மாறி, 1961 வரை அறுவை மருத்துவம் கற்பித்தார். அதற்குள் சமஸ்தானம் மறைந்தது. 1956 நவம்பர் 1 அன்று நெய்யூர் தமிழ்நாட்டுக்கு வந்தது. இங்கிலாந்து திரும்பிய பிறகு 1962 முதல் 1965 வரை ஆல்பைன் கிளப்பின் தலைவராக இருந்து, 1975 ஜனவரி 23 அன்று, பிறந்த ஊருக்கு அருகிலேயே ஆம்பிள்சைடில் காலமானார். கேரள எல்லையில் உள்ள காரக்கோணத்தில் 2002இல் தொடங்கப்பட்ட சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரிக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

அவர் இறந்து சில ஆண்டுகளில், அவர் வாழ்நாளெல்லாம் சிகிச்சை செய்த வயிற்றுப்புண்ணின் கதை தலைகீழாகிவிட்டது. 1982இல் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும், வயிற்றுப்புண்ணுக்கு முதன்மைக் காரணம் இரைப்பைக்குள் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா என்று கண்டுபிடித்தார்கள். 2005இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. மரச்சீனியும் மிளகாயும் முற்றிலும் விடுதலையாகிவிட்டன என்று சொல்ல முடியாது. ஒரே பாக்டீரியா வடக்கிலும் தெற்கிலும் இருந்தும், அரிசி உண்ணும் தெற்கில் நோய் அதிகமாகவும் கோதுமை உண்ணும் பஞ்சாபில் குறைவாகவும் இருந்தது ஏன் என்ற கேள்வியை மைசூரில் பணியாற்றிய பிராங்க் டோவி போன்ற அறுவை மருத்துவர்கள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். இருந்தாலும் நோயாளியைப் பொறுத்தவரை விஷயம் மாத்திரையோடு முடிந்துவிட்டது. இரண்டு வாரம் மருந்து சாப்பிட்டால் ஆறிவிடும் புண்ணுக்காக இன்று யாரும் இரைப்பையை வெட்டுவதில்லை. சோமர்வெல் வாழ்நாள் முழுவதும் செம்மைப்படுத்திய அந்த அறுவையைக் கண்ணால் பார்க்காமலேயே இன்றைய இளம் மருத்துவர்கள் பலர் படித்து முடிக்கிறார்கள். வாய்ப் புற்றுநோய் விஷயத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. வெற்றிலைச் செல்லத்தின் இடத்தைப் பாக்கெட் புகையிலை பிடித்திருக்கிறது; நெய்யூர் ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பிரிவுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.